அந்திமந்தாரைக்கு ஓவர்டைம்

"மொட்டு விடுது, டீச்சர். விரிய மாட்டேங்குது."

ரஹீமா டீச்சர் தலையைத் தூக்கவில்லை. அவர் கையிலிருந்த சால்டரிங் கம்பியின் நுனியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. அது சொட்டி உறைகிற வரைக்கும் அவருக்கு உலகத்தில் வேறு வேலை கிடையாது.

"விரியாம?"

"அப்படியே வாடி உதிர்ந்துடுது."

"லைட்டு எரியுதா?"

"அருமையா எரியுது."

"அப்புறம் என்ன அண்ணே?"

மணிமொழியனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டார். குருவிடம் கோபப்படக் கூடாது என்பதற்காக அல்ல. இதைச் சொல்லிக்கொடுக்கத் திருச்சியில் வேறு ஆள் அவருக்குத் தெரியாது.

குரு என்றதும் தாடி, காவி, ஆற்றங்கரை என்று யாரும் கற்பனையை ஓட விட வேண்டாம். ரஹீமா டீச்சர் மணிமொழியனைவிட வயதில் நன்றாகவே இளையவர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்துகிறவர். பாலக்கரையில் ஒரு தையல் கடைக்கு மேலே, மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இன்னொரு வகுப்பு வைத்திருந்தார். வெயில் எட்டிப் பார்க்காத வீடுகளில் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே வருவார்கள். எல்.இ.டி. பட்டையை வாங்கி, வெட்டி, ஒட்டி, செடிக்கான விளக்கைத் தாங்களே செய்துகொண்டு போவார்கள்.

"கடையிலேயே ரெடியா விக்குதே?" என்று கேட்பவர்களிடம், "தாராளமா வாங்குங்க" என்று வாசலைக் காட்டுவார்.

நல்ல மனுஷி. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் கிடையாது.

முதல் நாள் மணிமொழியன் ஒரு சந்தேகத்தோடு போயிருந்தார்.

"எந்தக் கலர் லைட்டு போடணும் டீச்சர்? ஒருத்தர் சிவப்புங்கிறார். ஒருத்தர் ஊதாங்கிறார். ரெண்டையும் கலந்து போடுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

டீச்சர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"வெளிய என்ன கலர்?"

"வெயிலு... வெள்ளைதான்."

ஜன்னலைச் சாத்தினார்.

"வெள்ளைப் பட்டையே வாங்கிட்டு வாங்க."

அடுத்த முறை, செடி நெடுநெடுவென்று வளர்ந்து தலை சாய்ந்துவிட்டது என்று போனார். டீச்சர் ஒரு பழைய பேப்பரைச் சுவரோரம் மாட்டி, மணிமொழியனைத் தூரத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"படிங்க."

மணிமொழியன் கண்ணைச் சுருக்கினார். கழுத்தை நீட்டினார். ஸ்டூல் ஒற்றைக்காலில் நிற்கிற அளவுக்கு முன்னால் சாய்ந்தார்.

"ஏன் அண்ணே இப்படி எட்டிப் பாக்குறீங்க?"

"இங்கேருந்து தெரியலையே."

"அதுக்கும்தான் தெரியலை."

வீட்டுக்குப் போய் விளக்கை இலைக்குக் கிட்டத்தில் இறக்கிக் கட்டினார். செடி நிமிர்ந்தது.

பலகையில் ஒட்டியிருந்த பட்டை சூட்டில் பசை விட்டுத் தொங்கியபோது, டீச்சர் ஒரு அலுமினியச் சட்டத்தை எடுத்து நீட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மணிமொழியனும் ஒன்றும் கேட்கவில்லை. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவருக்கு, சூடு வெளியேற வழி வேண்டும் என்பதைச் சொல்லியா தர வேண்டும்!

இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்து, செடி இப்போது இலையும் தளிருமாகத் தளதளவென்று நிற்கிறது. மொட்டும் விடுகிறது. விரியத்தான் மாட்டேன் என்கிறது.

"என்ன செடி அண்ணே அது? நீங்க சொன்னதே இல்லையே" என்றார் டீச்சர்.

"அந்திமந்தாரை."

டீச்சரின் கை நின்றது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். ரோஜா வைக்கிறவர்கள் உண்டு, புதினா வைக்கிறவர்கள் உண்டு. குழாயடியிலும் குப்பைமேட்டிலும் கேட்பாரில்லாமல் முளைக்கிற அந்திமந்தாரைக்கு, அடாப்டர் வாங்கி, பட்டையில் வெட்டுகிற இடம் காட்டும் செம்புக்கோடு பார்த்து வெட்டி, ஈயம் வைத்து விளக்குக் கட்டுகிற ஆளை அவர் பார்த்ததில்லை.

ஆனால் மணிமொழியனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க" என்றார்.

மணிமொழியன் சொன்னார்.

பொன்மலையில் அவர்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். ஓட்டு வீடு. பின்னால் குழாய், துவைக்கிற கல், அதைத் தாண்டி ஓடுகிற சோப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் குடித்தே ஒரு புதராக வளர்ந்திருந்தது அந்திமந்தாரை. யாரும் நட்டதில்லை. மணிமொழியனின் மனைவி தமயந்தி கல்யாணமாகி வந்த வருஷம் தானாக முளைத்ததாம்.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதும். ஊரே அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் புதர் முழுக்கப் பூ விரிந்துவிடும். தமயந்தி அதற்கு வைத்திருந்த பெயர் சங்குப்பூ.

"சங்குப்பூங்கிறது வேற. அது நீலமா இருக்கும்னு சொன்னா கேக்க மாட்டா. 'அதுக்கா சங்கு கேக்குது? இதுக்குத்தானே கேக்குது'ம்பா."

நார் இல்லாமல் நூல் இல்லாமல், ஒரு பூவின் காம்புக்குள் இன்னொரு பூவைக் கோத்து, ஜடை மாதிரி பின்னுவாள். பின்னி முடித்துத் தலையில் வைத்துக்கொள்ளவும் மணிமொழியன் சைக்கிளைச் சாத்தவும் சரியாக இருக்கும். விடிவதற்குள் வாடிவிடும் பூவுக்கு இத்தனை பாடு எதற்கு என்று அவர் கேலி செய்வார். "விடியறதுக்குள்ளதானே நீங்க வீட்டுல இருக்கீங்க" என்பாள்.

ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போது தமயந்தி போய்விட்டாள். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸும் போய்விட்டது. வந்த புதுக் குடும்பம் பின்பக்கம் பூராவும் சிமென்ட் போட்டுவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. பாம்பு வருகிறதென்றால் யார்தான் போடமாட்டார்கள்.

மணிமொழியன் வாங்கிய அடுக்குமாடி வீடு, நாலு பக்கமும் மற்ற வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. நட்டநடுப் பகலில் லைட் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்க வேண்டும்.

"விதை எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார் டீச்சர்.

இதைச் சொல்வதற்கு மணிமொழியனுக்கு வெட்கமாக இருந்தது.

புது வீட்டில் ஒருநாள் சளி பிடித்திருந்தது. மிளகு ரசம் வைக்கலாம் என்று, தமயந்தியின் சாமான்களோடு வந்த ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளி உரலில் போட்டு இடித்தார். மிளகு வாசனை வரவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. முகப்பவுடர் மாதிரி.

அந்திமந்தாரை விதை மிளகைப் போலவே இருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

உரலுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மனுஷன் வாய்விட்டு அழுதார். அவள் எடுத்து வைத்ததை அவர் கையாலேயே இடித்தாயிற்று.

டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைத் தட்டி எடுத்து ஊன்றினார். ஒன்றே ஒன்றுதான் முளைத்தது.

"பூத்தாத்தான் விதை, டீச்சர். விதை விழலைன்னா இத்தோட முடிஞ்சுது. வேற எங்கேயாவது அந்திமந்தாரை கிடைக்கும். இது கிடைக்காது."

டீச்சர் சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தார்.

"பூக்க வைக்க என்னென்ன பண்ணுனீங்க?"

மணிமொழியன் தயங்கினார்.

"சங்கு ஊதிப் பாத்தேன்."

"என்னது?"

"பொன்மலைக்குப் போயி, ஒர்க்‌ஷாப் சங்கை போன்ல பதிவு பண்ணிட்டு வந்தேன். தினம் ராத்திரி செடி பக்கத்துல வச்சுப் போட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுவுதுன்னு வந்து சொன்னாங்க. நிறுத்திட்டேன்."

இந்தத் தடவை டீச்சரால் அடக்க முடியவில்லை. சிரித்தார். மணிமொழியனும் சிரித்தார்.

"அடுத்த வாரம் செடியையும் லைட்டையும் தூக்கிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு, ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்து, விளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு மணிமொழியன் வந்து இறங்கினார். டீச்சர் தொட்டியைச் சுற்றி வந்தார். மண்ணைத் தொட்டார். இலையைத் திருப்பினார். ஒரு மொட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு விளக்கைக் கையில் எடுத்தார். பட்டை வெட்டிய இடம், ஈயம் வைத்த இடம், சட்டம், அடாப்டர். மாணவனின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயரைக் கையால் உருவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனார். திரும்பவும் ஒருமுறை போனார்.

"ஸ்விட்ச் எங்க அண்ணே?"

"வைக்கலை."

"அணைக்கிறப்ப?"

"அணைக்கிறதில்ல."

டீச்சர் வயரைக் கீழே வைத்தார். இப்போதே நேராக விஷயத்தைச் சொல்லியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒர்க்‌ஷாப்புல சங்கு எதுக்கு ஊதுவாங்க?"

"வேலை முடிஞ்சுதுன்னு."

"ஊதினதும் என்ன பண்ணுவீங்க?"

"மெஷினை நிறுத்துவோம். கையைக் கழுவுவோம். சைக்கிளை எடுப்போம்."

"சங்கு ஊதியும் மெஷின் நிக்கலைன்னா?"

"நிக்காம எப்படி? ஓவர்டைம் போட்டாத்தான் நிக்காது."

"உங்க செடிக்கு எத்தனை மாசமா ஓவர்டைம்?"

மணிமொழியன் செடியைப் பார்த்தார்.

அந்தி என்று பெயரிலேயே இருக்கிறது. பகலும் ராத்திரியும் ஒரே வெளிச்சம் அடித்தால் அதற்கு எங்கிருந்து அந்தி வரும்? சங்குச் சத்தத்தை மட்டும் கொண்டுவந்து காதோரம் ஊதியிருக்கிறார். இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்தவர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அணைக்கணும், இல்லையா?"

"அணைக்கணும்."

"சாயங்காலமா?"

"சாயங்காலம்தான்."

கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"முடியாது, டீச்சர்."

"ஏன்?"

"மனசு வரலை."

மணிமொழியன் கீழே கிடந்த வயரை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"குவார்ட்டர்ஸ்ல வாசல்ல ஒரு குண்டு பல்பு. நான் வேலைக்குப் போன நாள்ல, வீடு திரும்புற வரைக்கும் அவ அதை அணைக்க மாட்டா. செகண்ட் ஷிப்ட்டு, நைட்டுன்னு எது பாத்தாலும் சரி. தெரு திரும்புறப்பவே தெரியும். எல்லா வீடும் இருட்டா இருக்கும். எங்க வீட்டுல மட்டும் மஞ்சளா எரியும். அதைப் பாத்துட்டுத்தான் பெடலை மெதுவா மிதிப்பேன். வந்துட்டோம்னு தோணும்."

சுருட்டிய வயரைத் திரும்பப் பிரித்தார்.

"அவ வச்ச லைட்டை நான் ஒருநாளும் அணைச்சதில்ல, டீச்சர். இதையும் கை அணைக்க மாட்டேங்குது. அந்த வீட்டுல எரியுறது இது ஒண்ணுதான். படியேறும்போதே கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியும். அதுக்காகவே ஏறுறேன்."

டீச்சர் எழுந்து போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மணிமொழியன் குடித்தார். குடித்துக்கொண்டே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தம்ளரை வைத்துவிட்டுத் துண்டைத் தேடினார்.

"கிளம்புறீங்களா?"

"ஆமா. பஸ்சு போயிடும்."

"செடியோட பஸ்லயா?"

"செடி இங்கேயே இருக்கட்டும், ராத்திரி வந்து எடுத்துக்கறேன். நான் பொன்மலைக்குப் போகணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சங்கு கிடையாதே."

"சங்குக்கு இல்லை. சும்மா. தினமும் போறதுதான். ஒர்க்‌ஷாப் எதிர்ல டீக்கடை இருக்கு. கொஞ்ச நேரம் உக்காருவேன். அப்படியே குவார்ட்டர்ஸ் பக்கமா ஒரு நடை போவேன். இருட்டினதும் திரும்பிடுவேன்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. எல்லாம் புதுசா வந்தவங்க."

"எப்பேருந்து போறீங்க?"

"வீடு மாறுனதுலேருந்து."

டீச்சர் தலையாட்டினார். வேறொன்றைக் கேட்டார்.

"அந்த வாசல் பல்பு. நீங்க வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகும்?"

"அவளே அணைச்சிடுவா. 'வந்தாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே அணைப்பா. நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அணைஞ்சிடும்."

"அப்ப இன்னிக்கு வரைக்கும் அணையாம எரியுதே ஒரு லைட்டு. அது யாரு வர்றதுக்கு?"

மணிமொழியன் வாயைத் திறந்தார்.

தமயந்தி என்று சொல்லத்தான் திறந்தார். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. வாசல் பல்பு எரிந்ததெல்லாம் தமயந்திக்காகவா? அவள் எங்கே போனாள், திரும்பி வருவதற்கு? எந்த நாளும் அவள் வீட்டுக்குள்ளேதான் இருந்தாள். வெளியில் இருந்தது வேறு ஒரு ஆள்.

அவருக்கு டீக்கடை பெஞ்சு கண்ணில் தெரிந்தது. அதில் உட்கார்ந்து, அடைத்த கேட்டைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கையில் வைத்திருக்கிற ஒரு வயசான மனுஷனும் தெரிந்தார். ஊருக்கு இன்னொரு கோடியில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. இந்த மனுஷன் எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

மணிமொழியன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான்தான், டீச்சர். நான்தான் இன்னும் வீட்டுக்கு வரலை."

டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து, வயரில் கோக்கிற சின்ன ஸ்விட்ச் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சால்டரிங் கம்பியைச் சூடாகப் போட்டார்.

மணிமொழியன் வயரை வெட்டினார். வெட்டு நேராக விழுந்தது.

அன்றைக்கு அவர் பொன்மலை பஸ்ஸில் ஏறவில்லை. வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, ஆட்டோவில் செடியோடு வீட்டுக்குப் போனார். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரி, "என்னங்க, உடம்பு சரியில்லையா? சீக்கிரமே வந்துட்டீங்க?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் அவரை யாரும் அங்கே பார்த்ததில்லை.

செடியைப் பழைய இடத்தில் வைத்தார். விளக்கைக் கட்டினார். ஸ்விட்ச்சைப் போட்டு, ஒருமுறை பளிச்சென்று எரியவிட்டுப் பார்த்தார்.

"வந்தாச்சு" என்றார்.

அணைத்தார்.

அந்த வீட்டில் அந்தி எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. முதலில் மூலைகள் மங்கின. பிறகு பாத்திரங்கள். எங்கோ குக்கர் விசில் அடித்தது. யாரோ ஒரு அம்மா பிள்ளையைப் படிக்கச் சொல்லித் திட்டினாள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. வலித்தது, அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துச் செடிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். மொட்டுகள் உதிரத்தான் செய்தன.

அப்புறம் சில ஞாயிறுகள் அவர் பாலக்கரைக்கு வரவில்லை. வகுப்பில் கீரைக்காரர்களும் ரோஜாக்காரர்களும் வந்து போனார்கள். டீச்சர் யாரிடமும் விசாரிக்கவில்லை. வாசல் பக்கம் மட்டும் ஒன்றிரண்டு முறை பார்த்தார்.

ஒரு ஞாயிறு மணிமொழியன் வந்தார். கையில் ஒன்றுமில்லை. வந்து வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, பூத்துச்சா?"

"தெரியலையே, டீச்சர்."

"தெரியலையா? பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க?"

"இருட்டுல எங்கேருந்து பாக்குறது?"

"லைட்டைப் போட வேண்டியதுதானே?"

"எதுக்கு டீச்சர்?" என்றார் மணிமொழியன். "வீடு பூரா வாசம்."